நெல்லையப்பனுக்குக் கசந்தது

என் வீட்டுக்காரர் நெல்லையப்பன் கோவளத்து ஓட்டல் ஒன்றில் சமையல்காரர். ஊரெல்லாம் அவர் கைமணத்தைப் புகழும். அவரோ என் சமையலை ஒருநாளும் புகழ்ந்ததில்லை. உப்பில்லை, புளி தூக்கல், தாளிப்பு கருகிவிட்டது என்று ஏதாவது நொட்டை சொல்லாமல் இலையை விட்டு எழுந்திருக்க மாட்டார். உங்கள் வாய்க்கு ஒரு பூட்டு வராதா என்று நானும் திருப்பிக் கொடுப்பேன்.

எழுபத்தாறாம் வருஷம் ஜூன் மாத இடவப்பாதி மழையில் டைபாய்டு வந்து அந்தப் பூட்டைப் போட்டது. காய்ச்சல் போனது, நாக்குக்கு ருசி திரும்பவில்லை. ஒருநாள் ஊசிப்போன மீன்குழம்பைப் பேசாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு வயிறு கெட்டுப் படுத்தார். அன்றிலிருந்து நான் வாயில் வைத்துப் பார்க்காத எதையும் அவருக்குக் கொடுப்பதில்லை. ஓட்டலில் கைப்பழக்கத்தை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓணமும் முடிந்தது. ருசி தெரியாதவனுக்கு அடுப்படியில் என்ன வேலை, திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். வேலை போனால் போகட்டும். குறை சொல்லாமல் சாப்பிடும் அந்த மனுஷனைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பாட்டிலோடு வந்தார். ஓட்டலில் தங்கியிருந்த பெல்ஜியக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்த பீராம். அங்கே விளையும் ஏதோ கசப்புப் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சியதாம். பஸ்ஸில் குலுங்கி வந்த பாட்டில் சும்மா இருக்குமா? மூடியைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்ததும் கார்க் பறந்து உத்தரத்தில் அடித்தது. நுரை பொங்கி அவர் சட்டை, என் சேலை, சுவர்க் காலண்டர் எல்லாவற்றையும் நனைத்தது. மிச்சத்தைச் செம்பில் பிடித்தேன்.

வீட்டு வழக்கப்படி முதல் வாய் எனக்கு. நார்த்தங்காய்த் தோலும் கிராம்பும் கலந்த மாதிரி வாசனை நன்றாகத்தான் இருந்தது. விழுங்கிய பிறகுதான் தெரிந்தது, வேப்பம்பூவெல்லாம் அதன் காலில் விழ வேண்டும். இதையா கடல் தாண்டிச் சுமந்து வந்தார் அந்த மகராசன் என்று சொல்லிச் செம்பை நீட்டினேன்.

ஒரு மடக்கு குடித்தார். அப்படியே நின்றார். இன்னொரு மடக்கு குடித்தார்.

"ஏட்டி நாச்சியாரு, கசக்குது. கேட்டியா, நல்லாக் கசக்குது."

அடுக்களைக்குள் ஓடிச் சர்க்கரையை அள்ளி வந்து அவர் வாயில் போட்டேன். இனிக்கிறது என்றார். புளியை வைத்தேன். கண்ணை இடுக்கிக்கொண்டு புளிக்கிறது என்றார். இரண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தோம். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சரசம்மா, நுரையையும் எங்களையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

கடைசியாக அன்றைக்கு வைத்த புளிக்குழம்பை ஒரு கரண்டி கொடுத்தேன். நாக்கில் வைத்து உருட்டினார். முகம் கோணியது.

"உப்பு கூடிப்போச்சு. பின்னே, வெந்தயம் கரிஞ்சிருக்கு. இதையாட்டி இத்தன நாளா எனக்கு ஊத்துன?"

இதைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுத பெண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"இன்னும் என்ன குறை, சொல்லுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.