ஏழாம் நாள் மருந்து

“பாதி பாட்டில் மிச்சம் இருக்குண்ணே. எங்க பையனுக்கு மூணு நாள்லயே காய்ச்சல் விட்டுருச்சி. வீணாத்தானே போவுது லா, கொண்டு போங்க.”

“நல்லதாப் போச்சு. இதுக்குன்னு லீவு போட்டு போர்டிக்சன் ஆஸ்பத்திரி வரைக்கும் யாரு அலையிறது?”

மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டு லோகேஸ்வரியும் தானும் வேலியோரம் பேசிய இந்தப் பேச்சு, ஐஸ்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அமலதாஸின் காதில் விழும். இரண்டு வயது மகன் கிளெனுக்கு அப்போது காதில் சீழ், காய்ச்சல். அந்த மிச்ச மருந்தை ஊற்றியது அவன்தான். இரண்டு நாளில் சூடு தணிந்ததும் நிறுத்தியதும் அவன்தான். அடுத்த வாரம் பையன் கழுத்தை மடக்க முடியாமல் விறைத்துக் கிடந்தான். சிரம்பான் மருத்துவமனையில் பதினெட்டு நாள். காதிலிருந்த கிருமி மூளையின் உறைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். உயிர் தப்பியது, இடது காது போய்விட்டது. இப்போதும் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் வலப்பக்கமாகப் போய் நிற்க வேண்டும்.

மரியகொரெட்டி கணவனை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் தேவலை என்று, செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் தனியே போகும்போது அவன் நினைத்துக்கொள்வான். சோறு போடுவதில் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவன் சட்டை தேய்த்துத் தயாராக இருக்கும். மருந்து பாட்டில் மட்டும் அவன் கைக்கு வந்ததே கிடையாது. மகள் ஜோசலின் பிறந்த பிறகு ஒவ்வொரு தடுப்பூசிக்கும் அவளே பஸ் ஏறினாள். என்னிடம் கொடேன் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

போன வாரம் எட்டு மாத ஜோசலினுக்கும் காதில் சீழ். கிளினிக்கில் ஏழு நாள் மருந்து கொடுத்தார்கள். மரியகொரெட்டி ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, வேளைக்கு ஒரு கோடு போட்டாள். மூன்றாம் நாளே குழந்தை சிரித்து விளையாடியது. கோடு நிற்கவில்லை.

இன்று ஏழாம் நாள். மாலையில் அவன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது லோகேஸ்வரி வேலியருகே வந்தாள். தன் சின்ன மகளுக்கு நேற்றிலிருந்து உடம்பு கொதிக்கிறதாம், மூச்சு வாங்குகிறதாம். பாப்பா மருந்தில் மிச்சம் இருக்குமா என்று கேட்டாள்.

“மிச்சம் வைக்கிற மருந்தில்ல தங்கச்சி அது,” என்றான். பிறகு, கிளெனின் காது எதனால் போனது என்று வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை, குழாயை மூடாமலே சொல்லி முடித்தான். தண்ணீர் அவன் காலைச் சுற்றி ஓடியது.

லோகேஸ்வரியின் முகம் வெளுத்தது. “நான் குடுத்ததாலயா, அண்ணே?”

“நீ குடுத்த. யோசிக்காம ஊத்துனது நான். சரி, புள்ளயத் தூக்கிட்டு வா, லோரியிலயே போயிருவோம்.”

போர்டிக்சனில் குழந்தையின் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்ததுமே படுக்கை கொடுத்தார்கள். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. இப்போதாவது கொண்டு வந்தீர்களே என்றாள் ஊசி போட வந்த மிஸ்ஸி.

அவன் திரும்பி வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அடுப்படி ஜன்னல் வேலியைப் பார்த்துத்தான் இருந்தது. மரியகொரெட்டி எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். மடியில் ஜோசலின், பக்கத்தில் கிளென், கையில் மருந்து. தாளில் ஒரு கோட்டுக்கு மட்டும் இடம் இருந்தது.

அமலதாஸ் சவுக்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவினான். துடைத்தான். வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“கொரெட்டி, கடைசி வேளைய நான் குடுக்கவா?”

அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க, கிளென் தன் வலது காதை அவள் பக்கம் திருப்பினான்.