இரண்டு இடத்தில் மூழ்கிய கப்பல்

மலாக்கா ஆற்றுமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஹனிபா ராவுத்தர் கடை வைத்திருந்தார். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், கயிறு, மண்ணெண்ணெய் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் தொங்காங் படகில் ஏறிப் போகும். கடைக்கு மேலே ஓர் அறை. அங்கே கட்டில் அகலத்துக்கு ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, ஆறு வருஷமாகக் கணேசமூர்த்தி கடலைத் திருத்திக்கொண்டிருந்தான்.

கப்பல்காரர்கள் வழி பார்க்கும் கடல் படம் ஒருமுறை அச்சானால் அச்சானதுதான். கடல் அப்படி இருக்குமா? மணல்திட்டு நகரும். மிதவையை இடம் மாற்றிக் கட்டுவார்கள். சண்டைக் காலத்தில் மூழ்கிய கப்பல் ஒன்று திடீரென்று யார் வலையிலாவது தட்டுப்படும். இதையெல்லாம் வாராவாரம் மாலுமிகளுக்கு நோட்டீஸாக அனுப்புவார்கள். அதைப் படித்து, ஊதா மையில், எறும்பு வரிசை மாதிரி சின்ன எழுத்தில் படத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றிய நோட்டீஸின் எண்ணைப் படத்தின் இடது கீழ் மூலையில் குறித்துவிட வேண்டும். கணேசமூர்த்தியின் கை அதற்கென்றே செய்த கை. ரங்கூன், கல்கத்தா போகிற கேப்டன்கள்கூட அவன் திருத்திய படத்தைக் கேட்டு வாங்குவார்கள். அவன் மட்டும் ஒருநாளும் படகில் கால் வைத்ததில்லை. தண்ணீரைப் பக்கத்தில் பார்த்தாலே அவனுக்குக் குமட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், ஒரு சனிக்கிழமை, ரங்கூனுக்கு ரப்பர் ஏற்றிப் போகும் கப்பலின் படங்களைத் திருத்தி அனுப்பிவிட்டு நிமிர்ந்தான். கப்பல் திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பும். அதே திருத்தங்களைக் கடையில் இருக்கும் படத்திலும் ஏற்றிவைக்க வேண்டும் என்பது ராவுத்தரின் ஏற்பாடு. அதில் பாதிதான் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையோ, அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் அவன் தங்கச்சி ராஜம்மாவின் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் தூங்கும்போது மிச்சத்தை முடித்துவிடலாம் என்று, எண்களை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டான். படத்தைச் சுருட்டி எண்ணெய்த் துணியில் கட்டிக்கொண்டான். பிள்ளைக்கு இரண்டு டின் பால். அவ்வளவுதான் அவன் சாமான்.

அலோர் காஜாவுக்கு இந்தப் பக்கமே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அவசரகாலம், காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்று சோல்ஜர்கள் ஒவ்வொரு பையாகக் கொட்டிப் பார்த்தார்கள். பால் டின்னுக்காகத் திட்டு விழும் என்று கணேசமூர்த்தி எதிர்பார்த்திருந்தான். டின்களை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. எண்ணெய்த் துணியை அவிழ்த்த சோல்ஜர், படத்தைப் பஸ்ஸின் முகப்பில் விரித்து ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினான். பக்கம் பக்கமாக எண்கள்.

அடுத்த கால்மணி நேரத்தில் கணேசமூர்த்தி போலீஸ் ஸ்டேஷனில் இருந்தான்.

அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரி. வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம். பக்கத்தில் சார்ஜன் தங்கராஜு, மீசையும் தொப்பையுமாக. கணேசமூர்த்தி இங்கிலீஷில் ஆரம்பித்தான். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். இங்கிலீஷ் தெரிந்தவன் யோசித்து யோசித்துப் பொய் சொல்வானாம். அவன் பாஷையிலேயே சொல்லட்டும், சார்ஜன் மாற்றிச் சொல்லுவார் என்றார்.

"என்னா தம்பி, இது எந்த ஊர் மேப்பு?" என்றார் தங்கராஜு.

"இந்த ஊர்தான் அண்ணே. மலாக்கா."

"மலாக்காவா? அப்ப ரோட்டைக் காணோம், தோட்டத்தைக் காணோம். எல்லாம் வெறுமையா கிடக்கே?"

"அது தரைண்ணே. தரையில என்னா இருந்தா கப்பலுக்கு என்னா? இந்தாண்ட, எண்ணு நெறைஞ்சு இருக்கு பாருங்க, அதான் கடல்."

அதிகாரி படத்தைத் திருப்பிப் பார்த்தார். ராணுவப் படங்களில் பழகிய கண் அவருக்கு. எழுத்து நிறைந்த பக்கம் தரை என்றும், காலியான பக்கம் கடல் என்றும் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. முகம் சிவந்துவிட்டது. எண்களின் மேல் விரலை வைத்து, இதெல்லாம் என்ன என்றார்.

"ஆழம் அண்ணே. இங்க ஆறு பாகம், இங்க ஒம்பது பாகம்."

தங்கராஜு மீசையைத் தடவினார். கையை இரண்டு பக்கமும் விரித்து அளக்கும் பாகம் அவருக்குத் தெரியாது. நாடகத்தில் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்பதுதான் தெரியும். "ஆறு பங்கு என்கிறான், சார்" என்று மாற்றிச் சொன்னார்.

"எதில் ஆறு பங்கு? யாருக்குப் பங்கு?"

அதற்குப் பிறகு எதுவும் நேராகப் போகவில்லை. தரையில் எதற்கு இரண்டு குன்றை மட்டும் போட்டிருக்கிறது? கடலிலிருந்து பார்த்தால் தெரியும் குன்றுகள். கடலிலிருந்து யார் பார்ப்பார்கள்? மாலுமிகள். துப்பாக்கியைப் படகில் கொண்டுவந்து இறக்குகிறவனும் பார்க்கலாம் அல்லவா? பார்க்கலாம். மூலையில் இருக்கும் எண்கள் என்ன? நோட்டீஸ் எண்கள். ஊதா மையில் புள்ளி வட்டம் போட்டிருக்கிறதே, அங்கே என்ன இருக்கிறது? மூழ்கிய கப்பல். பார்த்தாயா? இல்லை. யார் பார்த்தது? தெரியாது. பார்க்காததை எப்படி வரைந்தாய்?

இந்தக் கடைசிக் கேள்வி கணேசமூர்த்திக்குப் புதிது. ஆறு வருஷத்தில் யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "நோட்டீஸ்ல போட்டிருந்துச்சுண்ணே" என்றான். அது நல்லதாகப் படவில்லை என்று தங்கராஜுவின் முகமே சொன்னது.

அன்றைக்கு அவனை விடவில்லை. பெயர் வைக்கிற வீட்டுக்குத் தகவல் போயிற்றா இல்லையா என்பதும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில், தங்கராஜு சொல்லி அனுப்பியதன்பேரில், ஹனிபா ராவுத்தர் வெள்ளைத் தொப்பியும் வேர்வையுமாக வந்து சேர்ந்தார். ஒரு கையில் ஜலசந்தியில் கப்பல் ஓட்டும் வழியைச் சொல்லும் தடிப் புத்தகம், இன்னொரு கையில் அந்த வார நோட்டீஸ். உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"துரை, இந்தப் பையன் ஈயை அடிக்கவும் யோசிப்பான். நோட்டீஸ் இந்தா இருக்கு, புஸ்தகம் இந்தா இருக்கு. ஒவ்வொண்ணா ஒத்துப் பாருங்க. ஒண்ணு தப்பா இருந்தா என்னையும் சேத்து உள்ள போடுங்க."

படத்தில் ஏற்றியிருந்தவற்றை அதிகாரி உண்மையிலேயே ஒத்துப் பார்த்தார். ஒரு நோட்டீஸை எடுப்பது, படத்தில் தேடுவது, பென்சிலால் ஒரு கீற்று. மிதவை சரி. விளக்கு சரி. மணல்திட்டு சரி. கணேசமூர்த்திக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது. நோட்டீஸின் கடைசித் தாளில் பென்சில் நின்றது.

"மூழ்கிய கப்பல். தீர்க்கரேகை நூற்றிரண்டு டிகிரி, பதின்மூன்று நிமிஷம் என்றிருக்கிறது. நீ பதினெட்டில் போட்டிருக்கிறாய்."

கணேசமூர்த்தி தாளை வாங்கினான். நோட்டீஸின் அச்சுப் பிரதி கப்பலில் வந்து சேர ஒரு மாதம் ஆகும். அதற்குள் அவசரமானவற்றை மட்டும் டைப் அடித்து சிங்கப்பூரிலிருந்து அனுப்புவார்கள். கார்பன் தாளில் நாலாவதோ ஐந்தாவதோ பிரதி இது. ஒன்று என்ற இலக்கத்துக்குப் பக்கத்து இலக்கம் கரிப்புகை மாதிரி கிடந்தது. இடது பக்கம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? சனிக்கிழமை இது எட்டாக இருந்தது. அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். இப்போது மூன்றாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். எட்டு. தாளைச் சாய்த்தான். மூன்று.

"எட்டுதான்" என்றார் ராவுத்தர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி. பிறகு இறக்கிவிட்டு, "மூணு மாதிரியும் இருக்குலா" என்றார்.

தங்கராஜு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்கு ஒம்பதா தெரியுது."

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு நோட்டுப்புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார். "நீ கம்யூனிஸ்டு இல்லை. அவர்கள் இதைவிட நன்றாகப் படம் போடுகிறார்கள். போ."

வெளியே வந்ததும் ராவுத்தர் அவன் தோளைத் தட்டினார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. முதல்ல ஒரு கோப்பி குடி, பெறகு தங்கச்சி வீட்டுக்குப் போய் வா."

"முதலாளி, அந்த ரங்கூன் கப்பல் படத்துலயும் மூழ்கினதைப் பதினெட்டுல போட்டிருக்கேன்."

"இருக்கட்டுமே."

"பதின்மூணா இருந்தா, அது அவங்க வெளிய போற வழியில கெடக்கு. அஞ்சு மைல் தள்ளிக் கெடக்குதுன்னு நெனச்சு நேரா அது மேலயே விடுவாங்க."

ராவுத்தரின் கை அவன் தோளிலேயே நின்றுவிட்டது. "மணி என்னா?"

பதினொன்று. மலாக்கா பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்றது. ஒவ்வொரு இடத்திலும் சோல்ஜர்கள் ஏறி, பையைக் கொட்டி, இறங்கினார்கள். கணேசமூர்த்தி ஜன்னல் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு சனிக்கிழமையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். மேசை வந்தது. மைக்கூடு வந்தது. கீழே ராவுத்தர் யாரோடோ வெங்காய விலை பேசியது வந்தது. அந்த எண் மட்டும் வரவில்லை. நிச்சயமாகப் பார்த்தேன் என்று நேற்று வரை சொல்லியிருப்பான். நிச்சயம் என்றால் என்ன என்பதே இப்போது பிடிபடவில்லை.

துறையில் கடைசி ரப்பர் மூட்டைகளோடு ஒரு தொங்காங் கிளம்பிக்கொண்டிருந்தது. ராவுத்தர் கத்தி நிறுத்தினார். "நான் போறேன், நீ இரு. உனக்குத் தண்ணி ஆகாது" என்றார். கணேசமூர்த்தி கேட்கவில்லை, மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். கரை தாண்டியதும் மூட்டைக் கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். அவன் ஆறு பாகம், ஒன்பது பாகம் என்று எழுதிய இடமெல்லாம் ஒரே பழுப்பு நிறமாக ஆடிக்கொண்டிருந்தது. எங்கே ஆழம், எங்கே திட்டு, ஒன்றும் தெரியவில்லை. படத்தில் எவ்வளவு தெளிவாக இருக்கும்!

கப்பலில் கயிற்று ஏணி. எப்படி ஏறினான் என்று பிறகு அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. நரைத்த புருவத்துக் கேப்டன், படம் விரித்த மேசையருகே அழைத்துப் போய், விஷயத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னான்.

"சரி. எது சரியான இடம்? பதின்மூன்றா, பதினெட்டா?"

"தெரியாது, சார்."

"அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாய்?"

"ஆமாம், சார்."

கேப்டன் ஊதா மைக்கூட்டையும் பேனாவையும் அவன் பக்கம் நகர்த்தினார். கப்பல் மெல்ல ஆடியது. கணேசமூர்த்தி இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, பதின்மூன்றில் இன்னொரு புள்ளி வட்டம் போட்டான். ஒரே கப்பல் இப்போது இரண்டு இடத்தில் மூழ்கிக் கிடந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் இடம் ஐயம் என்று பொருள்படும் இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளை எழுதினான். நோட்டீஸ் சொன்னால் மட்டுமே எழுத வேண்டிய எழுத்துகள் அவை. ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அவனாக எழுதியதில்லை.

"இது யார் உத்தரவு?" என்றார் கேப்டன்.

"என் உத்தரவு, சார்."

கேப்டன் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அளவுகோலை வைத்து, இரண்டு வட்டத்துக்கும் எட்டாமல் தெற்கே சுற்றிப் போகும்படி ஒரு பென்சில் கோடு போட்டார். அதனால் இரண்டு மணி நேரம் கூடும் என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். கேப்டன் காதில் வாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அச்சுப் பிரதி வந்தது. ராவுத்தர்தான் முதலில் பிரித்தார். மாடிப்படி அதிர ஓடி வந்தார்.

"மூர்த்தி! எட்டுடா! பதினெட்டு! நீ போட்டதுதான் சரி. அந்த வெள்ளக்காரப் பய உன்னயக் கொழப்பிட்டான்."

கணேசமூர்த்தி தாளை வாங்கிப் பார்த்தான். பளிச்சென்ற அச்சு. எட்டேதான். சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. சரியாகச் செய்ததைத் தப்பு என்று சொல்லிக்கொண்டு, குமட்டக் குமட்டக் கடலைத் தாண்டிப் போயிருக்கிறான். ஒரு கப்பலை இரண்டு மணி நேரம் வீணாகச் சுற்ற வைத்திருக்கிறான். போகாமல் இருந்திருந்தால் தூங்கியிருப்பானா என்று கேட்டுப் பார்த்தான். அதற்கும் இல்லை என்றே பதில் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மனிதன் செய்திருக்க வேண்டியது என்ன என்பது தெரியவில்லை.

கடைப் படம் திருத்தமாகவே இருந்தது. அதில் தொட ஒன்றுமில்லை. கேப்டனிடம் இருக்கும் படத்தில்தான் இல்லாத கப்பல் ஒன்று மூழ்கிக் கிடந்தது. அந்தக் கேப்டனின் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் இருக்கிறதோ. பதின்மூன்றை அழித்துவிடச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, ரங்கூனுக்கு ஒன்று, கல்கத்தாவுக்கு ஒன்று, மதராஸுக்கு ஒன்று என மூன்று கடிதம் எழுதிப் போட்டான்.

கல்கத்தாவிலிருந்து கேப்டனின் பதில் வந்தது. நாலே வரி. பதின்மூன்றை அழித்துவிட்டாராம். வங்காள விரிகுடாவுக்கான படங்கள் மொத்தம் பதினான்கு வேண்டுமாம். சந்தேகம் வந்தால் படகேறி வந்து சொல்லும் கிளார்க் யாரோ, அவரே திருத்தட்டும் என்று எழுதி, கீழே கையெழுத்து.

கணேசமூர்த்தி மூன்று முறை படித்தான். "முதலாளி, இது பாராட்டா, கிண்டலா?"

ராவுத்தர் கடிதத்தை வாங்கித் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "எனக்கு எப்படிப்பா தெரியும்? பதினாலு படம் கேட்டிருக்கான். மொதல்ல அதப் போடு."