மிஞ்சிய இறைச்சியும் ஒரு கை உப்பும்

1

மார்ச் பதினேழாம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணி. இரவல் வாங்கிய துருவியைத் திருப்பிக் கொடுக்க எதிர்வீட்டுக்குச் சென்றேன். கதவைத் தட்டுமுன் உள்ளிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது: "உப்பு சரியா இருக்கான்னு மட்டும் சொல்லு. நல்லா இருக்கான்னு சொல்லாத." துருவியோடு வீடு திரும்பினேன். இக்கதைக்கு மூலம் அவ்வளவே. மற்றவை என் கற்பனை. (துருவி இன்னும் என்னிடமே இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: "சமையலறையெங்கும் கமகமவென்று..." நிறுத்திவிட்டேன். மணம் தெரியாத மனிதனின் கதை அப்படித் தொடங்கலாகாது.

அவன் உணவகச் சமையற்காரன். சென்ற மாதம் வந்த காய்ச்சல், போகும்போது மணத்தையும் சுவையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. நாளை அவன் வேலைக்குத் திரும்ப வேண்டும். தலைமைச் சமையற்காரரிடம் இதுவரை மூச்சு விடவில்லை. நேற்று, கைப்பழக்கத்தை மட்டும் நம்பி, பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை ஓவனில் வாட்டினான். அவன் மனைவி, பேருந்து ஓட்டுநர், "பிரமாதம்" என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பி, யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம் என்று அவன் முடிவு செய்தான்.

ஆனால் இறைச்சி பாதிக்குமேல் மிஞ்சியது.

3

இவ்விடத்தில் அவனை அழவைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இவனுக்கு அழுகையைவிட ஆராய்ச்சி பொருந்தும்.

"ஏம்மா, நேத்து பிரமாதம்னியே?"

"ஆமாங்க."

"பின்ன ஏன் இவ்வளவு மிஞ்சுச்சு? வண்டி ஓட்டிட்டு வந்தா சட்டியையே வழிச்சுச் சாப்பிடுவியே!"

"டயட்டுங்க."

"அப்புறம் ஒரு சீப்பு வாழைப்பழத்தை முழுங்குனது யாரு, டிரைவரம்மா?"

அவள் உருளைக்கிழங்கு சீவுவதில் மும்முரமானாள்.

4

மிஞ்சியதைச் சூப் வைக்க, அவன் கொழுப்பைச் சீவி, இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கினான். வெங்காயமும் கேரட்டும் வதங்கிய பக்குவத்தைக் கண்ணால் அறிந்தான். வாட்டிய தட்டில் ஒட்டியிருந்த சாற்றை வெந்நீர் விட்டுச் சுரண்டிச் சேர்த்தான். கிழங்கையும் பார்லியையும் போட்டு, கொதி அடங்கிச் சூப் கெட்டிப்படுவதைக் காதால் கேட்டான். [இப்பத்தி நீண்டுவிட்டது. வெட்ட மனமில்லை. சுவையறியாதவன் எவற்றைக்கொண்டு சமைக்கிறான் என்றறிய எனக்கே ஆவல்.]

பின், சாடியிலிருந்து உப்பை ஒரு கை அள்ளினான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்றைய இறைச்சி ஒரே கரிப்பு. முந்தைய இரவே உப்புத் தடவியதை மறந்து, காலையிலும் தடவியிருந்தான். வடிந்த சாற்றில் ஒரு சொட்டு நக்கியிருந்தால், முன்பெல்லாம் தெரிந்திருக்கும். இப்போது தடுத்தால் நேற்றைய பொய் உடையும். தடுக்காவிட்டால் சூப் பாழாகும். நாளை உணவகத்திலும் இதே கை இப்படியே அள்ளும்.

அவன் மற்றொரு கையால் கரண்டியை நீட்டி, நான் கதவுக்கு வெளியே கேட்ட அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

5

முடிவு அ: அவள் வாய்திறக்கவில்லை, அவன் உப்பை... அடித்துவிட்டேன். ஊரையே ஏற்றிக்கொண்டு பிரேக் பிடிப்பவள் இதற்கு மட்டும் பிடிக்கமாட்டாளா?

முடிவு ஆ: அக்கணமே அவனுக்குச் சுவை திரும்பியது. மருத்துவர்கள் இதை ஏற்கலாம். கதையில் இது சோம்பேறித்தனம்.

எஞ்சியது இது. அவள் ஊதிக் குடித்தாள்.

"போடாதீங்க. சரியா இருக்கு. கறி விட்ட உப்பே போதும்."

"கறியில அவ்வளவா இருந்துச்சு?"

"நேத்து வாயில வைக்க முடியலங்க."

உப்பு அவன் விரலிடுக்கு வழியே சாடிக்குள் உதிர்ந்தது. "அப்ப பிரமாதம்னது?"

"உங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னது."

"இனிமே என் மூஞ்சியப் பாக்காத. சட்டியப் பாரு." சாடியை மூடிவிட்டு, ஆவலை அடக்கமாட்டாமல் கேட்டான்: "எவ்வளவு கரிச்சுச்சு?"

"கடலைக் குடிச்ச மாதிரி."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

6

கிண்ணம் காலியானதும் அவள் தானே எழுந்துபோய் மறுபடி ஊற்றிக்கொண்டாள். "நல்லா இருக்கு" என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. அவன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமைச் சமையற்காரர் என்ன செய்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அவரை இளகியவராக்குவதும் கடுகடுப்பவராக்குவதும் உங்கள் பாடு. அந்த மேசையில் முடிவானது மட்டும் இது: நாளை அவன் வேலைக்குப் போவான், தனக்குச் சுவை தெரியவில்லை என்பதை, அடுப்பைப் பற்றவைக்குமுன், தானே சொல்வான், உப்புப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்பான்.