வால்நட் கட்டையில் மஞ்சள் பொட்டு

சேனாபதி உப்புத்தாளை வீசிவிட்டு ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தான். பஞ்சை நனைத்தான். துப்பாக்கிக் கட்டையில், சுடுகிறவர் கன்னம் வைக்கும் இடத்தில் பளிச்சென்று இருந்த மஞ்சள் பொட்டின் மேல் அவசரமாக ஒற்றினான்.

பொட்டு போகவில்லை. நாலணா அளவில் இருந்தது, அப்பளம் அளவுக்குப் படர்ந்தது.

"நாகு, கொஞ்சம் வெளிய வா."

சுகர் லேண்டில் அந்தத் தெருவிலேயே கார் நிற்காத ஒரே கராஜ் அது. மனைவி நாகமணியின் கார் வாசலில் டெக்சாஸ் வெயிலில் வெந்துகொண்டிருக்க, சேனாபதியின் உளிகளும் அரங்களும் நிழலில் சொகுசாக இருந்தன. அலுவலகத்தில் அவன் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினீயர். வீட்டில் துப்பாக்கிக் கட்டை செதுக்குபவன். முன்பு செய்த இரண்டும் கேட்பாரற்றுச் சுவரில் தொங்கின. இதுதான் முதல் ஆர்டர். நாகமணியோடு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் லிண்டா கொண்டுவந்தது. தனக்குத் தெரிந்த ஒருவருக்கு என்று சொல்லி, அளவுகளையும் அவளே கொடுத்திருந்தாள்.

நாகமணி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். கஸ்டமர் கட்டையை வேண்டாம் என்று சொன்னால் அவன் பட்டறை மேஜை வெளியே, கார் உள்ளே.

அந்தக் கஸ்டமர் இன்று ஐந்து மணிக்கு அளவு பார்க்க வருகிறார். அதற்குப் பிறகுதான் எண்ணெய் பூச வேண்டும். மேல்பூச்சு இல்லாத மரம் தன்மேல் படுகிற எதையும் குடித்துவிடும். நேற்று ஆயுத பூஜை. மஞ்சளைக் குடித்திருந்தது.

நாகமணி கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"இத்தனை உளி இருக்குது, ரம்பம் இருக்குது. எல்லாத்தையும் விட்டுட்டு கஸ்டமர் கட்டைக்கா பொட்டு வெப்பே?" என்றான்.

"உளியெல்லாம் ஆயுதமுங்களா மாமா? பொறுமையாத் தேய்ச்சா போயிருமுங்க."

தேய்த்தால் மரம் தாழ்ந்துவிடும், தாழ்ந்தால் கண் குறிக்கு நேரே வராது என்று அவன் விளக்கினான். அவள் பக்தியோடு கேட்டுக்கொண்டாள். தீபாவளிக்கு ஓலை வெடி கொளுத்தச் சொன்னாலே ஊதுபத்தியை எறிந்துவிட்டு ஓடுகிற மனுஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள்.

இந்த மரம் வாங்கப் போன நாளிலும் அவள் இப்படித்தான். ஆஸ்டினுக்கு அப்பால் ஒரு மரக்கடை. அதிசயமாக அவளும் கூட வந்தாள். கடைக்காரர் இரண்டு வால்நட் பலகைகளை எடுத்துப்போட்டு ஈரத்துணியால் துடைத்தார். தூசிக்குள் ஒளிந்திருந்த ரேகைகள் எழுந்து வந்தன. ஒன்றில் தலை முதல் கால்வரை நெருப்பு அலையலையாக ஓடியது. மற்றதில் அலை பின்பக்கம் மட்டும். கை பிடிக்கும் கழுத்தில் ரேகை நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. சேனாபதி இரண்டாவதை எடுத்தான். சுடும்போது உதை முழுவதும் கழுத்தில்தான் இறங்கும், அங்கே ரேகை நெளிந்தால் கட்டை ஒருநாள் முறியும் என்றான்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் ஈரத்துணி கொண்டாந்தீங்களா?" என்றாள். ஆனால் பலகையை இரண்டு கையிலும் ஏந்தி எடை பார்த்துவிட்டு, இதுவே இருக்கட்டும் என்றாள்.

செதுக்கும்போது அளவுதான் அவனை உறுத்தியது. நீளம் குறைவு. கழுத்து ஒல்லி. டெக்சாஸில் இத்தனை குட்டைக் கையோடு ஒரு ஆளா என்று கேட்டான். பேர்லேண்ட் கோயிலில் சனிக்கிழமைப் பொங்கல் கிண்டியதில் தோள் விட்டுப்போச்சு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். கை குட்டையாக இருந்தால் என்ன, குறி தப்பாதாம் என்றாள்.

இப்போது கரண்டியை வைத்துவிட்டு அவளே கட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கார் மேல் துண்டை விரித்துப் படுக்கவைத்தாள்.

"உங்க வேட்டில சாம்பார் கொட்டுனா நான் என்ன பண்றேன்? மஞ்சக் கறைக்கு வெயிலுதான். நல்ல வேளை, கார் வெளிய நிக்குது."

சேனாபதி கட்டைக்குக் காவலாக வெயிலில் நின்றான். மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்தது. லிண்டாவின் வண்டி திரும்பும்போது உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு வளையம் மிச்சமிருந்தது.

லிண்டா தனியாக இறங்கினாள். சேனாபதி அவளுக்குப் பின்னால் ஆள் தேடினான். பிறகு, மனதில் ஒத்திகை பார்த்திருந்த மன்னிப்பை ஆரம்பித்தான். எங்கள் பண்டிகை, மனைவியின் பக்தி, இயற்கையான மஞ்சள். லிண்டா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாகமணியைப் பார்த்தாள்.

நாகமணி சுடிதாரில் கையைத் துடைத்தாள். கட்டையை எடுத்தாள். முதல் தடவை எடுப்பவள் எடுக்கிற மாதிரி இல்லை. தோளில் பொருத்தினாள், கழுத்து வளையவில்லை, முழங்கை தவிக்கவில்லை. அவள் கன்னம் அந்த மஞ்சள் வளையத்தின் மேல் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஒரு கண்ணை மூடி, எதிர்வீட்டுத் தபால்பெட்டியைக் குறி பார்த்தாள்.

சேனாபதிக்குத் தைல வாசனை ஞாபகம் வந்தது.

"அப்ப சனிக்கிழமைப் பொங்கல்?"

"பொங்கலும் கிண்டுவேன். அப்புறம் லிண்டாகூட துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்குப் போவேன். மேஜை உள்ளயே இருக்கட்டுமுங்க. அளவு கச்சிதம்."

"கஸ்டமர் நீதானா?"

அவள் கட்டையை இறக்கவில்லை.

"ஏனுங்க மாமா, அடுத்தவங்க ஆயுதத்துக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"