வெள்ளை ஜிப்பாவும் ஒய்.பி. எஞ்சினும்

ஐம்பத்தெட்டாம் வருஷம். மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிக் குடியிருந்த ஹாஜிரா பீக்கு அன்றைக்குக் கை கால் ஓடவில்லை. மகள் ஜுவேரியாவைப் பெண் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம் வருகிறது. ரொம்ப நல்ல இடம். தரகரிடம், "பொண்ணோட அத்தாவுக்கு ரயில்வேல உத்தியோகம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். கணவர் அப்துல் சமத் எஞ்சின் டிரைவர் என்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மடிப்புக் கலையாத மனிதர்கள் கரி பூசிய சம்பந்தியைக் கண்டால் முகம் சுளிப்பார்களே என்று பயம்.

அன்றைக்கென்று லீவும் கிடைக்கவில்லை. அவரோ கவலைப்படவே இல்லை. பாசஞ்சர் வண்டி இழுப்பதற்கென்றே வந்த ஒய்.பி. எஞ்சினை மீட்டர்கேஜில் அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அவர் கட்சி. பெண்டாட்டியைப் பற்றிக்கூட மனிதர் அப்படிப் பேசியதில்லை.

"அவுங்க வர்றதே என் வண்டிலதான். டயத்துக்குக் கொண்டாந்து எறக்குறேன். எழும்பூர்ல எஞ்சினை வுட்டுட்டு, ஷெட்டுலயே குளிச்சிட்டு, எலக்ட்ரிக் வண்டி புடிச்சி வந்துர்றேன். போதுமா?" என்றார்.

வண்டி டயத்துக்குத்தான் வந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா வலியுல்லா கொதித்துக்கொண்டே படியேறினார். அவருடைய வெள்ளை ஜிப்பாவில் நெருப்புப் பொறி விழுந்து ஓட்டை.

"இன்னா டிரைவரும்மா அவன்? பேய் மாதிரி ஓட்டிக்கினு வரான்! இந்தப் பையன் வேற, எஞ்சினுக்குப் பின்னால மொத பொட்டிலதான் குந்துவேன்னு ஒரே அடம்!"

மாப்பிள்ளைப் பையன் உமர் ஃபாரூக்கைப் பார்த்ததும் ஹாஜிரா பீக்குச் சிரிப்பு முட்டியது. எஞ்சினைப் பார்க்க வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்திருக்கிறான். முகத்தில் கண்ணும் பல்லும்தான் வெள்ளை. செம்புத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடிக்கப் போனான்.

"ஐயோ, தண்ணி வாணாம் தம்பி! இன்னும் அப்பிக்கும்!"

தினம் செய்கிற வேலை, கை தானாகப் போயிற்று. தேங்காய் எண்ணெயில் பழந்துணியைத் தோய்த்துக் காதுமடல் வரை துடைத்தாள். கண்ணோரத்துக் கரித்தூளை முந்தானை நுனியால் எடுத்தாள். அதற்கப்புறம்தான் சீயக்காயும் வெந்நீரும். பையன் பளிச்சென்று ஆகிவிட்டான்.

வலியுல்லா பார்த்துக்கொண்டே இருந்தார். "கரி எடுக்கறதுல இவ்ளோ கைப்பழக்கம் ஏதும்மா உங்களுக்கு?"

மாட்டிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் ஜுவேரியாவின் வளையல் சத்தம்கூட நின்றுவிட்டது. பொய் சொல்ல ஹாஜிரா பீக்குத் தெரியாதா என்ன? ஆனால் பேய் மாதிரி என்று அவர் சொன்னது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

"எங்க வூட்டுக்காரருக்குத் தெனம் தொடைக்கிறேன். உங்க வண்டிய ஓட்டிக்கினு வந்தவரு அவருதான். பேய் மாதிரி ஓட்டல. டயத்துக்கு ஓட்டுனாரு!" என்று போட்டு உடைத்தாள்.

அந்த நேரம் பார்த்தா அப்துல் சமத் வந்து நிற்க வேண்டும்? ஷெட்டில் தண்ணீர் நின்றுவிட்டதாம். தலை முதல் கால் வரை கரி. ஜிப்பாவின் ஓட்டையைப் பார்த்தார், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார், வாசலைத் தாண்டாமல் தயங்கினார்.

உமர் ஃபாரூக் துள்ளி எழுந்து போய் அந்தக் கரிக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மாமா! ஒரே ஒரு தபா என்னை எஞ்சின்ல ஏத்திக்குவீங்களா?"

வலியுல்லா மகனையே பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மொதல்ல நிக்காஹ் ஆவட்டும்டா. அப்பால ஏறு."