கிரேன்காரரின் வீட்டுக்காரி செய்த கண்ணாடி

ஒரு வாரமாக வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சில்லை. இத்தனைக்கும் புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் ஒரே சூரிய அனல் மின் நிலையத்தில்தான் வேலை. வெயிலைக் கோபுரத்தின் உச்சிக்குத் திருப்பி, தண்ணீரை ஆவியாக்கும் கண்ணாடிகளை அவன் கிரேனில் தூக்கி நிறுத்துவான். இரும்புச் சட்டத்தோடு அவை ஒவ்வொன்றும் யானைக் கனம். அவளோ பட்டறையில் புதுக் கண்ணாடி ஒன்று செய்துவிட்டாள். தேன்கூடு போல் கண் கண்ணாக இருக்கும் அட்டை, அதன் இருபுறமும் பிசின் தோய்த்த நாரிழைத் துணி, முகப்பில் வெள்ளிப் படலம். அவ்வளவுதான்.

"ரெண்டு பேர் போதும், கையாலயே தூக்கிடலாம்" என்று அவள் வாய் தவறிச் சொன்னதுதான் வினை.

"அப்ப என் கிரேன்ல துணி காயப்போடவா?" என்று அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான்.

சோதனை நாளன்று அவளும் பட்டறைத் தோழியும் கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடந்தார்கள். அவன் கிரேனில் உட்கார்ந்து, பார்க்காதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி வழியில் காற்று சுழன்றடித்தது. கண்ணாடி கப்பல் பாய் போலக் கிளம்ப, தோழி பிடியை விட்டுவிட்டாள். இவள் விடவில்லை, அதோடு சேர்ந்து இழுபட்டாள்.

"விட்டுத் தொலை! கை போயிடும்!" என்று கத்திக்கொண்டே அவன் குதித்து ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தான். கால் இடறியது. மணல் குவியலில் அவன் மல்லாந்து விழ, கண்ணாடி அவன் மேலேயே சாய்ந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. "என்னங்க! என்னங்க!"

அடியிலிருந்து குரல் வந்தது. "இருக்கேன், இருக்கேன். பழைய கண்ணாடியா இருந்தா இந்நேரம் தரையோட தரையாயிருப்பேன். இது போர்வை மாதிரியில்ல இருக்கு!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்ணாடியை நிமிர்த்தித் துடைத்துப் பார்த்தாள். ஒரு மூலையில் லேசான கீறல், மற்றபடி ஒன்றுமில்லை. அவன் மணலை உதறியபடி அதன் முதுகை விரலால் தட்டிப் பார்த்தான்.

"இவ்வளவு லேசுன்னா ஒண்ணொண்ணா எதுக்குத் தூக்கணும்? கீழயே நாலஞ்சைச் சேர்த்து முடுக்கிடுங்க. மொத்தமா நான் மேல ஏத்திடறேன்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு நீ எங்க பேசவிட்ட?"

மதியத்துக்குள் கண்ணாடி அதற்கான தூணில் ஏறியது. கோபுரத்துச் சோதனைப் பலகையில் ஒளி சிதறாமல், கெட்டியான ஒற்றை வட்டமாக விழுந்ததும் மேற்பார்வையாளரே கைதட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவன் தன் அம்மாவுக்குப் போன் போட்டான். "காத்துல பறந்த கண்ணாடியை நான் ஒத்தை ஆளாப் பிடிச்சேம்மா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள், அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.