லோஷினி கைதட்டலுக்கு நிறுத்தாமல் பேசிய மூன்று வாக்கியங்கள்

1

இந்தக் கதை என் கைப்பேசிக்கு வந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, கடைசியில் ஒரு வாட்சப் குழு வழியாக என்னிடம் வந்து சேர்ந்த சின்னக் காணொளி. ஏதோ ஒரு பள்ளி மண்டபம். மேடையில் ஒரு சிறுமி கையை உயர்த்தி என்னவோ சொல்கிறாள், கூட்டம் கைதட்டுகிறது. சத்தம் தெளிவில்லை. கீழே சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை. பள்ளியைத் தேடிக்கொண்டு யாரும் கெடா மாநிலத்துக் குருண் பக்கம் அலைய வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "பால்மரக் காட்டில் பனி இன்னும் விலகவில்லை. தூரத்தில் மணியோசை—"

வேண்டாம். மலேசியத் தமிழ்க் கதை என்றால் ரப்பர் மரத்தடியில்தான் விடிய வேண்டுமா? என் லோஷினி (பெயர் வைத்துவிட்டேன்) ரப்பர் பாலைத் தொட்டதே இல்லை. அவள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்குத்தான் இன்னும் தோட்டத்தின் பெயர். ரப்பர்த் தோட்டம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தொழிற்சாலை வந்தது. அவளுடைய அம்மா இராசாத்திக்கு அங்கேதான் வேலை.

இரண்டாவது தொடக்கம்: "பதினாறு வயது லோஷினிக்கு அநீதி என்றாலே—"

இதுவும் வேண்டாம். பதினாறு என்றால் எனக்கு வசதி, வாய் நிறையப் பேச வைக்கலாம். ஆனால் காணொளியில் இருந்தவள் ஆறாம் ஆண்டு, அதாவது தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளை. சட்டையில் மாணவர் தலைவர் சின்னம் குத்தியிருந்தாள். அப்படியே இருக்கட்டும்.

3

லோஷினி பேச்சுப்போட்டிக்காரி. நம் பள்ளிகளில் பேச்சுப்போட்டி எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆசிரியர் எழுதுவார், பிள்ளை மனப்பாடம் செய்யும். எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலை இறக்குவது, எங்கே கைதட்டலுக்காக நிறுத்துவது, எல்லாம் தாளில் பென்சிலால் குறித்திருக்கும். லோஷினிக்கு எழுதிக் கொடுத்தவர் யோகேஸ்வரி டீச்சர். தலைப்பு 'மாணவர் குரல்'. (சிரிக்காதீர்கள், உண்மையிலேயே இப்படித்தான் தலைப்பு கொடுப்பார்கள்.) மாவட்ட அளவில் முதல் பரிசு.

பள்ளிப் பரிசளிப்பு விழாவில் அதே பேச்சை மறுபடி பேசச் சொன்னார்கள். மண்டபம் நிறையப் பெற்றோர். முன்வரிசையில் ஒரு கல்வி அதிகாரி, பக்கத்தில் தலைமையாசிரியர் தர்மலிங்கம். பேச்சின் உச்சத்தில் ஒரு வரி உண்டு: "பெரியோர்களே, எங்கள் குரலுக்குச் செவி கொடுங்கள்!" வலது கை மேலே போக வேண்டும். பிறகு நிறுத்த வேண்டும்.

லோஷினி நிறுத்தவில்லை.

"எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை! ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும்! அதற்குப் பயந்து நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை!"

அதே ஏற்ற இறக்கம், அதே செந்தமிழ், அதே வலது கை. மண்டபமே கைதட்டியது. இராசாத்தியும் தட்டினாள். எங்கே தட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டிருந்தது, அதனால் என்ன சொன்னாள் என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. தமிழ் தெரியாத அதிகாரி குனிந்து, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று மலாய் மொழியில் கேட்டார். அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்த ஒரே ஆளான தர்மலிங்கம், "பள்ளிதான் எங்கள் இரண்டாவது வீடு என்கிறாள்" என்றார். அதிகாரி இன்னொரு முறை கைதட்டினார்.

[ஏன் அன்றைக்குப் பார்த்துப் பேசினாள்? ஒரு காரணம் எழுதினேன்: அந்த வாரம் ஒரு பையன் விளையாட்டாகக் கதவைத் தள்ளிவிட, உள்ளே இருந்த நபீலா— அந்த வரியை அடித்துவிட்டேன். உங்களை நம்ப வைப்பதற்காக ஒரு பிள்ளையை அந்தக் கோலத்தில் காட்ட மாட்டேன். தாழ்ப்பாள் இல்லை என்ற காரணம் போதாதா?]

4

சாயங்காலத்துக்குள் காணொளி ஊரெல்லாம் சுற்றியது (அவர்களுக்கு வந்ததில் சத்தம் தெளிவாகத்தான் இருந்தது). அப்போதுதான் எல்லாரும் கேட்டார்கள். மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் டீச்சரும் லோஷினியும் நின்றார்கள்.

"யாரு டீச்சர் எழுதிக் குடுத்தது? நீங்கதானே?"

"இல்ல சார். என் தாள்ல அது இல்ல."

"அப்ப பெற்றோர் சங்கத்துல எவனாச்சும் சொல்லிக் குடுத்தானா?"

"நான்தான் சார்," என்றாள் லோஷினி. "நானாத்தான் சொன்னேன்."

தர்மலிங்கம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தானா வருமா டீச்சர்? என்னைய முட்டாளாக்காதீங்க லா."

அவர் இரண்டு வழி சொன்னார். டீச்சர் எழுதிக் கொடுத்தார் என்றால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும், கடல் தாண்டிச் சரவாக் உட்பகுதிக்கு மாற்றல் வந்தாலும் வரும். டீச்சருக்கு இப்போதுதான் நடை பழகும் குழந்தை. லோஷினி பொய் சொன்னாள் என்றால் அவள் பள்ளியின் காலைச் சபைகூடலில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சின்னத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பார்த்திருக்கலாம். கழிவறை அந்த அறைக்குப் பின்னால்தான். யாரும் போகவில்லை.

5

தர்மலிங்கத்தை முழு வில்லனாக்கிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம். அவருக்காக ஒரு பத்தி எழுதினேன்: "அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். பள்ளியின் பெயர் கெட்டால் பிள்ளைகள் குறைவார்கள், குறைந்தால் ஒருநாள் மூடிவிடுவார்கள் என்ற பயத்தில்—"

அந்தப் பயம் உண்மைதான். நம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் தண்ணீர் குடிக்காத பிள்ளையின் தலையிலா அதைக் கட்டுவது? பத்தி பாதியிலேயே கிடக்கட்டும்.

வீட்டில் இராசாத்தி கெஞ்சினாள். "சோரி சொல்லிட்டு வந்துரும்மா. ஸ்கூலு முடியப் போவுது. டீச்சரு பாவம் லா."

"கதவுல தாப்பா இல்லதானேம்மா?"

"இல்லதான்."

"அப்ப நான் பொய் சொன்னேனா?"

இராசாத்தி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

6

வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. (கெடாவில் ஞாயிற்றுக்கிழமைதான் வாரம் தொடங்கும்.) அன்று தர்மலிங்கம் ஆள் கூட்டிவந்து எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டார். பளபளவென்று, புத்தம் புதியதாக.

இரண்டாவது வழிதான் என்றாகிவிட்டது; மன்னிப்பையும் யோகேஸ்வரி டீச்சர்தான் எழுதினார். "நம் பள்ளிக் கழிவறைக் கதவுகள் அனைத்திலும் தாழ்ப்பாள் இருக்கிறது. நான் மேடையில் கூறியது பொய்." முதல் வாக்கியம் இப்போது உண்மையாகிவிட்டது, பார்த்தீர்களா? அவள் வாயைத் திறந்ததால் வந்த தாழ்ப்பாளை வைத்தே அவள் வாயை மூடப்போகிறார்கள்.

ஞாயிறு காலை, சபைகூடலுக்கு முன் டீச்சர் தாளை நீட்டினார். பழக்கதோஷம், அதிலும் பென்சில் குறிகள் இருந்தன. லோஷினி கவனமாகப் படித்துப் பார்த்தாள்.

"டீச்சர், மன்னிச்சிருங்கன்னு சொன்னப்புறம் கைதட்டுறதுக்கு நிப்பாட்டணுமா?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. டீச்சர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

7

தேசிய கீதம் நெகாராக்கூ பாடி முடித்தாயிற்று. லோஷினி ஒலிவாங்கி முன் நிற்கிறாள். கையில் தாள்.

ஒரு முடிவு: தாளைக் கிழித்துப்போட்டு, "தாழ்ப்பாள் வெள்ளிக்கிழமைதான் வந்தது!" என்று முழங்குகிறாள். பிள்ளைகள் ஆரவாரம் செய்கிறார்கள். எழுதிப் படித்தபோது எனக்கே கைதட்டத் தோன்றியது, அதனால்தான் அடித்தேன். அந்த ஆரவாரத்தில் டீச்சர் சரவாக்குக்குப் பெட்டி கட்டுவதை யார் பார்ப்பார்கள்?

இன்னொரு முடிவு: மன்னிப்புக் கேட்கிறாள். குரல் குறித்த இடத்தில் இறங்குகிறது. பொய்யை அவ்வளவு அழகாகச் சொல்லி, சின்னத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வகுப்புக்குப் போய் வழக்கம்போல—

இதையும் விட்டுவிட்டேன். எதை எழுதினாலும் அது நான் எழுதிக் கொடுத்த தாள். அந்தப் பிள்ளையிடம் தாள் நீட்ட எத்தனை பேர்தான் வரிசையில் நிற்பது? எனக்கு வெட்கமாக இருக்கிறது. இடம் விடுகிறேன்.

லோஷினி சொன்னாள்: "                                        "

அவள் எதுவும் சொல்லாத இந்த வெற்றிடம் தர்மலிங்கத்துக்கு ரொம்பப் பிடிக்கும் என்று தெரியும். அதனால் முடிவை உங்கள் கையில் விடுகிறேன். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால், ஆசிரியர்கள் நிற்கும் வரிசையில் போய் நில்லுங்கள். இதோ, மூச்சை இழுத்துக்கொள்கிறாள். தயவுசெய்து கைதட்டிவிடாதீர்கள்.